போஸ்டர் வயிறு

போஸ்டருக்கு வயிறு கிடைக்காமல் ஸ்டுடியோக்காரன் அல்லாடிக்கொண்டிருந்தான். சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த வேலை. கர்ப்பமாக இருக்கும்போது மது குடிக்கக் கூடாது என்று சொல்லும் சுவரொட்டி. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம் என்று எல்லா இடத்திலும் ஒட்டப் போகிறார்களாம். ஒரு வயிறு, ஒரு கை, கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை, அவ்வளவுதான் படம். முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முகம் வேண்டாமென்றால் யாராவது வந்துவிடுவார்கள் என்று அவன் தைரியமாக இருந்தான். வாடிக்கையாளர்களில் வாயும் வயிறுமாக இருந்த இரண்டு பேரிடம் கேட்டும் பார்த்தான். கோப்பை என்ற வார்த்தையைக் கேட்டதும் இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள். அதில் ஒருத்தியின் புருஷன், "எங்க கல்யாண ஆல்பம் போட்டுக் குடுத்த ஆளாச்சேன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.

"தலையணையைக் கட்டி எடுத்துடலாமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"தலையணையைக் கட்டினா தலையணை மாதிரிதான் இருக்கும்."

அவள் திரும்பாமலே சொன்னாள். ஸ்டுடியோவின் பின்பக்கத்தில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டர் முன்னால்தான் அவளுக்கு நாள் முழுக்க வேலை. வருகிறவர்களின் முகத்தில் பருவை எடுப்பது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தைக் குறைப்பது, கல்யாணப் படத்தில் ஓரமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் சித்தப்பாவை ஆளோடு தூக்குவது. அதனால் அவன் அவளுக்கு வைத்த பெயர் ரப்பர். முதலில் அவன் மட்டும் கூப்பிட்டான். இப்போது தெருவே கூப்பிடுகிறது. அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அவன் பேச்சு நின்றுபோனதைக் கவனித்து ரப்பர் நாற்காலியைத் திருப்பினாள். அவன் அவளுடைய ஆறு மாத வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்பது அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வேணாம்" என்றாள்.

"முகம் வராதுடி."

"வராட்டியும் அது நான்தான்னு எனக்குத் தெரியும்ல."

கடைசியில் ஒத்துக்கொண்டாள். வேலையை நாளைக்குள் கொடுக்க வேண்டும், வேறு வழியும் இல்லை. வெளிர் நீலத்தில் தொளதொளவென்று ஓர் அங்கி போட்டுக்கொண்டு விளக்கடியில் வந்து நின்றாள். ஸ்டுடியோவுக்குப் பின்னாலேயே வீடு. அவன் ஓடிப்போய் மாதுளைச் சாறு பிழிந்து, ஒரு கோப்பையில் ஊற்றி எடுத்துவந்தான். நீளமான காலும் மெல்லிய விளிம்புமாக இருந்த கோப்பை. அது வீட்டில் இருந்த ஜோடியில் ஒன்று. சனிக்கிழமை சாயந்தரம் கடையைச் சாத்திவிட்டு மொட்டைமாடியில் பாயை விரித்து உட்காரும்போது, அவனுக்கு ஒன்று அவளுக்கு ஒன்று.

அவள் கோப்பையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"வேற கிளாஸே இல்லையா?"

"இதான் படத்துக்கு நல்லாருக்கும்" என்றவன் அதற்குமேல் அவள் கண்ணைப் பார்க்காமல் கேமராவுக்குள் குனிந்துகொண்டான்.

அந்த நிமிஷத்திலிருந்துதான் அவளுக்குக் குழப்பம் பிடித்தது என்று சொல்ல வேண்டும். மாதவிலக்கு அவளுக்கு எப்போதுமே சொன்ன தேதிக்கு வராத விருந்தாளி. அதனால் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தபோதே மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை மொட்டைமாடிச் சனிக்கிழமைகளும் நடந்துகொண்டுதானே இருந்தன. போதாதற்கு, நடுவில் சிநேகிதி வீட்டில் ஒரு விருந்து. அன்றைக்கு எவ்வளவு குடித்தாள் என்று அவளுக்கே கணக்கு இல்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததும், திரும்பி வரும்போது ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்ததும்தான் ஞாபகம். தெரிந்த அன்றைக்கே நிறுத்திவிட்டாள். "இவ்வளவு நாள் குடிச்சோமே?" என்று அவனிடம் கேட்டபோது, "அப்போ நமக்குத் தெரியாதே" என்றான். அது பதில் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு மூடிவைத்துவிட்டார்கள்.

படத்தைச் செம்மைப்படுத்தியதும் அவள்தான். அங்கியின் சுருக்கங்களைத் தட்டையாக்கினாள், பின்னணியைச் சாம்பலாக்கினாள், சாற்றின் நிறத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கினாள். அலுவலகம் அனுப்பிய வாசகத்தை மேலே பெரிய எழுத்தில் பொருத்தினாள். ஒரு வாய்கூட வேண்டாம். எழுத்து இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பது போல் தெரிந்தது. நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். ஒரு வாய்கூட என்றால் ஒரு வாய்தானா, அப்படியென்றால் அந்த விருந்து எத்தனை வாய், தெரியாமல் குடித்த வாய் கணக்கில் வருமா வராதா என்று மனசு ஒரு பக்கம் ஓட, கை பாட்டுக்கு எழுத்தை நகர்த்திக்கொண்டே இருந்தது. அந்தக் குழப்பத்தில், வேறு யார் கையாக இருந்திருந்தாலும் முதல் வேலையாக எடுத்திருக்கக்கூடிய ஒன்றை அப்படியே விட்டுவிட்டாள். அவளுடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பள்ளிக்கூடச் சீருடையைத் தேய்க்கும்போது பட்ட சூடு, ஒரு கப்பல் வடிவத்தில் தழும்பாக இருந்தது. ஊரார் மச்சத்தையெல்லாம் துடைக்கிறவளுக்குத் தன் தழும்பு கண்ணிலேயே படவில்லை. பிறந்ததிலிருந்து கூடவே இருந்தது போல் ஆகிவிட்ட ஒன்று எப்படிக் கண்ணில் படும்?

மற்றவர்களுக்கு நன்றாகவே பட்டது.

முதலில் கண்டுபிடித்தது மாமியார். மூட்டுவலித் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனவள், வாங்காமலே வேகவேகமாகத் திரும்பி வந்தாள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க? என் மருமக குடிக்கிற மாதிரி ஊரெல்லாம் ஒட்டியிருக்கான்!"

"குடிக்காதீங்கன்னு ஒட்டியிருக்காங்கம்மா."

"கையில கிளாஸ் இருக்கேடா!"

"அது மாதுளம்பழ ஜூஸ்."

மாமியார் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று புலம்பியவள், மூட முடியும் என்று தானே முடிவுசெய்து கிளம்பிவிட்டாள். தெருவில் எதிரே வருகிறவர்களிடம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "அது மாதுளம்பழ ஜூஸுங்க" என்றாள். போஸ்டரையே பார்க்காதவர்கள் அதற்கப்புறம்தான் போய்ப் பார்த்தார்கள். மாடிவீட்டு டீச்சர் இறங்கிவந்து, எவ்வளவு நல்ல காரியம், நாலு பேருக்கு உதவும் என்று ரப்பரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர், "வாங்க போஸ்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். நாள் போகப்போக மாமியாரின் வெட்கம் பெருமையாக மாறிவிட்டது. மாதுளம்பழத்தோடு இன்னொரு வரியும் சேர்ந்துகொண்டது.

"என் மருமக வாயில இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு பட்டதில்ல."

அதைச் சொல்லும்போதெல்லாம் ரப்பர் பக்கத்திலேயே நின்றிருப்பாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயைத் திறக்க முடியாமல் சிரிப்பாள். மொட்டைமாடி விஷயம் மாமியாருக்குத் தெரியாது. முட்டி வலியால் அவள் மாடிப்படி ஏறுவதில்லை. அந்த முட்டி வலியை நம்பித்தான் சனிக்கிழமைகளே நடந்தன என்று நினைத்தபோது ரப்பருக்குத் தன்மேலேயே கோபமாக வந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. எது எதற்காக என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சிநேகிதியிடம் போனில் கேட்டுப் பார்த்தாள். "எங்க பெரியம்மா பொண்ணு கடைசி மாசம் வரைக்கும் குடிச்சா, அவ பையன் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்" என்றாள் சிநேகிதி. வைத்த கையோடு போனிலேயே தேடினாள். ஓர் இடத்தில், ஆரம்பத்தில் தெரியாமல் குடித்துவிட்டால் பதற வேண்டாம் என்று போட்டிருந்தது. இன்னோர் இடத்தில், எந்த மாதத்திலும் எந்த அளவும் பாதுகாப்பானதென்று சொல்ல முடியாது, குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம், படிப்பிலும் நடத்தையிலும் பின்னால் தெரியலாம் என்று இருந்தது. முதலாவதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். இரண்டாவதைப் படித்துவிட்டு, குடித்த தண்ணீரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டுமே உண்மையாக இருக்க முடியுமா? உள்ளே பிள்ளை ஓர் உதை உதைத்தது. நல்லா இருக்கேன் என்கிறதா, என்ன பண்ணினே என்கிறதா?

மாதாந்திரப் பரிசோதனைக்கு மாமியாரும் கூடவே வந்தாள். போஸ்டரோடு ஓர் உத்தரவும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. வருகிற கர்ப்பிணி ஒவ்வொருவரையும், குடிப்பதுண்டா, எப்போதாவது குடித்ததுண்டா என்று சிஸ்டர் கேட்க வேண்டும். இதுவரை யாரும் ரப்பரிடம் கேட்டதில்லை. கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே நடப்பது வராந்தாவுக்கே கேட்டது. முன்னால் போன பெண், சிவப்புப் பை வைத்திருந்தவள், சின்ன வயசுக்காரி.

"குடிக்கிறதுண்டாம்மா? ஒரு தடவையாவது?"

"ஐயோ, இல்ல சிஸ்டர்!"

அந்த ஐயோவில் கொஞ்சம் அதிகமாகவே ஐயோ இருந்ததாக ரப்பருக்குப் பட்டது. ஆனால் அவளுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. தன் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஆமா சிஸ்டர், தெரியாம இருந்தப்போ. ஆமா சிஸ்டர், ஆனா நிறுத்திட்டேன். மாமியார் பக்கத்தில் இருப்பாள். இருக்கட்டும். கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது. கேள்வி என்று ஒன்று வரட்டும், தானாக ஆரம்பிக்கத்தான் வாய் வரவில்லை, கேட்டால் வந்துவிடும். உள்ளே போய் உட்கார்ந்தாள். எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிஸ்டர் அடுத்த கேள்விக்காக நிமிர்ந்தவள், ரப்பரின் கையைப் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"அட, நீங்களா அது!"

"அது மாதுளம்பழ ஜூஸு சிஸ்டர்" என்றாள் மாமியார்.

சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களைப் போய் இந்தக் கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே, இல்லை என்ற இடத்தில் தானே குறி போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். ரப்பர் வாயைத் திறந்தாள். "சாப்பிடுறேன்" என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் பாய்ந்தாள்.

"கேக்கவே இல்ல. எல்லாரையும் கேட்டாங்க, என்னை மட்டும் கேக்கல. உன் போஸ்டரால."

"கேக்கலன்னா விடேன். நல்லதுதானே?"

"என்ன நல்லது?"

"ஒண்ணும் ஆகாதுடி. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

"ஒரு வாய்கூட வேண்டாம்னு நீதானே ஒட்டியிருக்க. அப்போ போஸ்டர் பொய்யா, நீ சொல்றது பொய்யா?"

அவனிடம் எதற்கும் ஒரு ஜோக் இருக்கும். சாவு வீட்டில்கூட அவனை ஓரமாக உட்கார வைக்க வேண்டும். இப்போதோ லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாமல், மடித்து மடித்துப் பிரித்தான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான். "அன்னைக்கு அலமாரியில எவ்வளவோ கிளாஸ் இருந்துச்சு. ஏன் அதைப் போய் எடுத்தேன்னு எனக்கே தெரியல."

அவள் அவனைத் திட்ட நினைத்தாள், கட்டிக்கொள்ளவும் நினைத்தாள். ஒன்றையும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயத்தில் அவனும் இருக்கிறான் என்று தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலால் பிள்ளைக்கு என்ன பிரயோஜனம் என்று உடனே தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணிக்காயைச் சுவரில் மாட்டி, மேலே வாசகமும் எழுதி மறைத்தாயிற்று. சொன்னால் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால், நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால், அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லி என்ன ஆகப் போகிறது, குடித்தது குடித்ததுதானே என்றும் இருந்தது. அப்படியென்றால் எதற்காக அவர்கள் எல்லாரையும் கேட்கிறார்கள்? ஏதோ இருப்பதால்தானே கேட்கிறார்கள்?

மறுநாள் காலையில், மாமியாரிடம் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். அவன் கூட வருகிறேன் என்று சட்டை மாட்டினான். வேண்டாம் என்றுவிட்டாள். அவன் வந்தால் ஜோக் அடிப்பான், இல்லாவிட்டால் அழுவான். இரண்டையும் சமாளிக்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

சிஸ்டர் தனியாக இருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். உட்காராமலே சொன்னாள்.

"நேத்து நீங்க என்னை ஒண்ணு கேக்காம விட்டுட்டீங்க."

"என்னம்மா?"

"குடிச்சிருக்கேன் சிஸ்டர். தெரியாம இருந்தப்போ. ரெண்டு மாசத்துக்கு மேல."

சிஸ்டர் முதலில் சிரித்தாள். போஸ்டரம்மா விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பாள். ரப்பரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போய்க் கதவை முழுசாகச் சாத்திவிட்டு வந்து, நேற்று போட்ட குறியைத் தேடி எடுத்து அடித்தாள். ஆமாம் என்ற இடத்தில் புதிதாக ஒரு குறி போட்டாள்.

"ஆமான்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றாள். "இத்தனை பேரைக் கேட்டாச்சு, ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல. போஸ்டர் நல்லா வேலை செய்யுதுன்னு நாங்க பேசிக்கிட்டிருந்தோம்."

டாக்டரம்மாவிடம் அவளே அழைத்துப் போனாள். டாக்டரம்மா திட்டவில்லை. என்ன, எவ்வளவு, எந்த மாதம் வரை, இப்போது நிறுத்தியாயிற்றா என்று நிதானமாகக் கேட்டாள். ரப்பர் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். செருப்பை விட்டுவிட்டு வந்ததைக்கூடச் சொல்லிவிட்டாள்.

"இவ்வளவு குடிச்சா ஆகும், இவ்வளவு குடிச்சா ஆகாதுன்னு கோடு போட்டுச் சொல்ல யாராலயும் முடியாதும்மா. அதனாலதான் வேண்டவே வேண்டாம்னு சொல்றோம். உங்க குழந்தைக்கு ஒண்ணும் இல்லைன்னு இப்ப நான் சத்தியம் பண்ணினா அது பொய். ஏதோ ஆகிடுச்சுன்னு சொன்னா அதுவும் பொய்."

"ஸ்கேன்ல தெரியாதா டாக்டர்?"

"எல்லாமே ஸ்கேன்ல தெரியாது. சிலது பிள்ளை வளர வளரத்தான் தெரியும். தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்தினீங்க பாருங்க, அது நல்லது. எப்ப நிறுத்தினாலும் நல்லதுதான். பிறந்ததுக்கப்புறம் குழந்தை டாக்டர்கிட்டயும் இதை மறைக்காதீங்க. ஏதாவது உதவி வேணும்னா சீக்கிரமே ஆரம்பிக்கலாம். அதுக்காகத்தான் கேக்கறோம், உங்களைத் தூக்குல போட இல்ல."

ரப்பர் தலையாட்டினாள். வரும்போது இரண்டில் ஒன்று தெரிந்துவிடும் என்று நினைத்துதான் வந்தாள். இரண்டும் தெரியவில்லை. இத்தனை கஷ்டப்பட்டுச் சொன்னதற்கு, தெரியாது என்பதுதான் கிடைத்தது. ஆனாலும் வந்தபோது இருந்த தெரியாதும் இப்போது இருக்கிற தெரியாதும் ஒன்றில்லை என்று தோன்றியது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தா நாற்காலிகள் நிரம்பியிருந்தன. இரண்டு தெரு தள்ளியிருக்கும் முகங்கள், மருந்துக்கடையில் பார்க்கும் முகங்கள், மாமியாரிடம் மாதுளம்பழக் கதை கேட்ட முகங்கள். வாசலை நோக்கி நடந்தவளை யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள். நேற்றுப் பார்த்த சின்ன வயசுக்காரி. சிவப்புப் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்து இடம் பிடித்திருந்தாள். இன்றைக்கு இவளுக்குப் பரிசோதனை இல்லையே, எதற்கு வந்திருக்கிறாள்?

"போஸ்டர்ல இருக்கிறது நீங்கதானேக்கா?"

"ஆமா."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்க நெஜமாவே... ஒரு தடவைகூட இல்லையாக்கா?"

நேற்றெல்லாம் காத்திருந்த கேள்வி. கேட்க வேண்டியவர்கள் கேட்காமல், கேட்கக் கூடாத இடத்தில், இத்தனை காதுகளுக்கு நடுவில் வந்து நிற்கிறது. இங்கே சொல்வது சாயந்தரத்துக்குள் மாமியாரிடம் போய்விடும். மாதுளம்பழ ஜூஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். உள்ளே டாக்டரிடம் சொல்லியாயிற்று, கடமை முடிந்தது, இவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? ரப்பர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். தூங்காத முகம். எந்தப் படத்திலும் அவள் முதலில் துடைத்துவிடுகிற கருவளையம் இரண்டு கண்ணுக்குக் கீழேயும் கனமாகப் படிந்திருந்தது.

"குடிச்சிருக்கேம்மா" என்றாள். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "இப்பத்தான் உள்ள சொல்லிட்டு வரேன்."

எதிர் வரிசையில் யாரோ பேச்சை நிறுத்தினார்கள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினாள். சின்ன வயசுக்காரி நாற்காலியில் இருந்த சிவப்புப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரப்பர் ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு மெல்ல அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல், சிஸ்டர் எப்போது கதவைத் திறப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.